லேசர் ஒளிச்சித்திரக் கருவிக்குப் பெருக்கியும் மின்வழங்கியும் தேர்தல்

ஒளியைத் தூரிகையாகவும் சுவரைப் படாமாகவும் கொண்டு சித்திரந் தீட்டும் கருவியொன்று இக்காலத்தில் விழா மண்டபங்களிலும் கோளரங்குகளிலும் காணப்படுகின்றது. அதனை லேசர் புரொஜெக்டர் என்பர். சினிமாக் கருவியைப் போல் அது படத்தினூடே ஒளியைச் செலுத்துவதன்று. ஊசி போன்ற ஒரே ஒளிக்கற்றையை இரண்டு சிறு ஆடிகளால் மிக விரைவாக இங்குமங்கும் திருப்பி, ஓடும் புள்ளியைக் கோடாகவும், கோட்டை உருவமாகவும் தோன்றச் செய்வது. இருளில் கொள்ளிக்கட்டையைச் சுழற்றினால் அஃது ஒரு தீவட்டமாய்த் தோன்றுமன்றோ? அந்தக் கொள்ளிவட்டத்தின் நுணுக்கமே ஈண்டும் உள்ளது. கொள்ளியைச் சுழற்றுவது கை; கற்றையைச் சுழற்றுவது ஆடி. வேறுபாடு அவ்வளவே.

லேசர் ஒளியை முதன்முதல் 1960-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க நாட்டில் தியடோர் மைமன் என்பார் மாணிக்கக் கல்லினின்று பிறப்பித்துக் காட்டினார். 1973-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கிரிபித் வானாய்வு நிலையத்தில் ஐவன் டிரையர் என்பார் லேசீரியம் என்னும் ஒளிக்காட்சியைப் பொதுமக்களுக்கு நடத்தினார். அன்று பெருஞ்செல்வமும் பெரிய நிலையங்களும் இருந்தாலன்றிக் கைகூடாத இவ்வித்தை, இன்று உறுப்புகள் தனித்தனியே விலைக்குக் கிடைத்தலால், ஆர்வமுடைய மாணவன் தன் மேசைமேல் அமைத்துக்கொள்ளத்தக்கதாய் எளிமையுற்றிருக்கின்றது.

ஆயினும், இதனை அமைக்கப் புகுவோருள் பலர் ஒளியின் நிறத்தையும் வலிமையையும் பற்றியே நெடிது சிந்தித்து, ஆடிகளை இயக்கும் பெருக்கியையும் அதற்கு உணவாகிய மின்வழங்கியையும் இறுதியில், கையில் எஞ்சிய பணத்திற்குக் கிடைத்தவாறு வாங்கிவிடுகின்றனர். இது தலைகீழான முறையாகும். என்னை? சித்திரத்தின் செம்மை இவ்விரண்டையும் பற்றியே நிற்கின்றது. அதனினும் மேலாக, பார்ப்போர் கண்களின் நலமும் இவற்றைப் பற்றியே நிற்கின்றது. ஓடுகின்ற கற்றை ஓரிடத்தில் நின்றுவிடுமாயின் அதன் வலிமை முழுவதும் ஒரே புள்ளியில் இறங்கும். அப்புள்ளி ஒருவர் கண்ணாயிருப்பின் இழப்பு மீளாதது. ஆகலின் இவ்விரு பொருளையும் தேரும் முறையை இயன்றவரை தமிழில் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆடியசைக்கும் பொறி

1858-ஆம் ஆண்டில், அட்லாண்டிக் கடலடித் தந்தியின் மெல்லிய குறிகளை அறிதற்பொருட்டு வில்லியம் தாம்சன் என்னும் அறிஞர், பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப்பட்டவர், ஆடி பொருத்திய கால்வனோமீட்டர் ஒன்றை இயற்றினார். மின்னோட்டம் வரும்போது காந்தமும் அதனோடு ஒட்டிய ஆடியும் திரும்பும். ஆடியில் பட்ட ஒளி அளவுகோலின்மேல் நகரும். இன்றைய லேசர்க் கருவியிலுள்ள ஸ்கானர் அதன் வழித்தோன்றலே. ஒரு தண்டில் சிறு காந்தம். அதனைச் சூழ்ந்து கம்பிச்சுருள். தண்டின் நுனியில் மெல்லிய ஆடி. ஓர் ஆடி கற்றையை இடம்வலமாகவும், மற்றோர் ஆடி மேல்கீழாகவும் திருப்பும். ஆடி ஒரு பாகை திரும்பினால் ஒளி இரண்டு பாகை திரும்பும் என்பதை நினைவிற் கொள்க; விலைப்பட்டியல்களிற் காணும் பாகை பெரும்பாலும் ஒளியின் பாகையே.

கெல்வினுடைய கருவிக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. தண்டின் மறுமுனையில், ஆடி இப்பொழுது எங்கு நிற்கின்றது என்பதை நொடிதோறும் அறிவிக்கும் ஓர் ஒளியுணர்வுறுப்பு இருக்கின்றது. பெருக்கியானது கணிப்பொறி கட்டளையிட்ட இடத்தையும் ஆடி நிற்கும் இடத்தையும் ஒப்பிட்டு, இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டிற்கேற்பச் சுருளுக்கு மின்னோட்டம் ஈகின்றது. தேரை வடம்பிடித்து இழுப்போரையும், சக்கரத்திற்கு முட்டுக்கட்டை இடுவோரையும் எண்ணிப் பார்க்க. இழுப்போர் மட்டும் இருப்பின் தேர் நிலையைக் கடந்து ஓடிவிடும். முட்டுக்கட்டை மிகுந்தால் தேர் நகராது. இரண்டும் இசைந்தபொழுதே அது வேண்டிய இடத்தில் வந்து நிற்கும். பெருக்கியின் பலகையிலுள்ள சிறு திருகுகள் இழுப்பையும் தடையையும் இசைவிப்பனவே. இழுப்பு மிகின் சித்திரத்தின் மூலைகளில் கொக்கி போன்ற நடுக்கம் தோன்றும். தடை மிகின் மூலைகள் மழுங்கி வட்டமாகும்.

வேகத்திற்குக் கொடுக்கும் விலை

ஆடியை விரைவுபடுத்துதல் எளிதென எண்ணற்க. ஒரே அகலத்திற்கு ஆடி முன்னும் பின்னும் ஆடும் வேகத்தை இருமடங்காக்கினால், அதற்கு வேண்டும் முடுக்கம் நான்கு மடங்காகும். திருப்புவிசை மின்னோட்டத்தின் அளவிற்கு ஒத்ததாகலின் மின்னோட்டமும் நான்கு மடங்கு வேண்டும். சுருளிற் பிறக்கும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகலின் பதினாறு மடங்காகும். இச்சிறு கணக்கை உணர்ந்தவன், மெதுவான ஸ்கானரை வாங்கி விரைவாக ஓட்டலாம் என ஒருபோதும் கருதான். அவ்வாறு ஓட்டினால் சுருள் வெந்து கெடும்.

இதனால், வேகத்தைக் கூறுங்கால் அகலத்தையும் உடன் கூறுதல் இன்றியமையாதது. 1986-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற உலக லேசர்க் காட்சியாளர் சங்கம், அதாவது ஐ.எல்.டி.ஏ., இதற்கெனச் சோதனைச் சித்திரம் ஒன்றை வகுத்துள்ளது. நொடிக்கு 30,000 புள்ளிகள் என்றால் ஒளி எட்டுப் பாகை அகலத்தில் அச்சித்திரத்தை அவ்வேகத்தில் செம்மையாக வரைதல் வேண்டும் என்பது பொருள். அச்சித்திரத்தின் நடுவே ஒரு சதுரமும் ஒரு வட்டமும் உள. வட்டத்திற்குரிய புள்ளிகள் உண்மையில் சதுரத்திற்குப் புறத்தே குறிக்கப்பட்டவை. ஆடிகள் உரிய வேகத்தில் உரிய இசைவோடு ஓடும்போது மட்டும் அவ்வட்டம் சுருங்கிச் சதுரத்தின் உள்ளே நான்கு பக்கங்களையும் தொட்டு நிற்கும். அகலத்தைக் குறியாது 'முப்பதாயிரம்' என்று மட்டும் விளம்பரம் செய்யும் பொருளை ஐயத்தோடே நோக்குக. மேலும், நொடிக்கு 30,000 புள்ளிகள் என்பது ஆடி நொடிக்கு 30,000 முறை ஆடும் என்பதன்று. பல புள்ளிகள் சேர்ந்தே ஓர் அசைவாகும்.

பெருக்கியைத் தேரும் முறை

முதலாவது, ஸ்கானர் இரண்டையும் அவற்றிற்குரிய பெருக்கியையும் ஒரு தொகுதியாகவே வாங்குக. ஒவ்வொரு பெருக்கியும் தனக்குரிய ஸ்கானரின் சுருளுக்கும், ஆடியின் எடைக்கும், உணர்வுறுப்பிற்கும் ஏற்பத் திருகி இசைக்கப்பட்டிருக்கும். ஒன்றன் பெருக்கியை மற்றொன்றிற்கு மாற்றினால், ஒரே சாதியாயினும் இசைவு குலையும். இணைக்குங் கம்பியையும் வெட்டி நீட்டுதல் கூடாது. நிலையறிவிக்கும் குறி மிக மெல்லியதாகலின் நீண்ட கம்பியில் இரைச்சல் புகும்.

இரண்டாவது, குறியை ஏற்கும் வாயிலை நோக்குக. ஐ.எல்.டி.ஏ. முறைப்படி ஒவ்வோர் அச்சிற்கும் இரண்டு கம்பிகள் வரும். ஒன்று 5 வோல்ட் ஏறும்போது மற்றொன்று 5 வோல்ட் இறங்கும். பெருக்கி இரண்டன் வேறுபாட்டையே கொள்ளும். ஆகவே முழு அளவு கூட்டல் 10 வோல்ட் முதல் கழித்தல் 10 வோல்ட் வரை அமையும். இதன் நன்மை யாதெனின், வழியில் இரண்டு கம்பியிலும் ஒருங்கே புகுந்த இரைச்சல் கழிந்துபோகும் என்பதே. ஒரு கம்பியை மட்டும் கொள்ளும் பெருக்கியில் சித்திரம் பாதியளவாய்ச் சிறுத்து, இரைச்சலும் கழியாது நிற்கும்.

மூன்றாவது, காப்பு. சுருள் மிகையாக வெம்மையுறும்போதும், ஆடி தன் எல்லையைக் கடக்க முயலும்போதும், மின்னழுத்தம் குறையும்போதும், தானே ஓட்டத்தை நிறுத்திக்கொள்ளும் பெருக்கி விலை சற்று மிகினும் கொள்ளத்தக்கது. ஆடியின் நிலையைப் புறத்தே அறிவிக்கும் முனை பலகையில் உண்டா என்பதையும் பார்க்க. அதன் பயன் பின்னர் விளங்கும்.

நான்காவது, வெப்பம். பெருக்கியின் டிரான்சிஸ்டர்களைத் தடித்த அலுமினியத் தகட்டின்மேல், இடையே மின்கடத்தாத தகடும் வெப்பப் பசையும் இட்டு இறுகப் பொருத்துதல் வேண்டும். ஸ்கானர்களைத் தாங்கும் பிடியும் உலோகக் கட்டியாகவே இருக்கவேண்டும். மரமும் பிளாஸ்டிக்கும் வெப்பத்தைச் சிறைப்படுத்திவிடும்.

மின்வழங்கியைத் தேரும் முறை

ஆடி இருபுறமும் திரும்பவேண்டுமாகலின் சுருளில் மின்னோட்டம் இருதிசையிலும் ஓடவேண்டும். ஆகவே பெருக்கிக்கு நேர் மின்னழுத்தம், எதிர் மின்னழுத்தம், இரண்டிற்கும் பொதுவான நடுநிலை என மூன்று கம்பிகள் வேண்டப்படும். எளிய ஸ்கானர்கள் பல நேரெதிர் 15 வோல்ட்டிலும், விரைவுடையன நேரெதிர் 24 வோல்ட்டிலும் ஓடுவன. விரைவுடையதற்கு மின்னழுத்தம் மிகுதியாக வேண்டுவது ஏனெனின், கம்பிச்சுருள் தன்னுள் ஓடும் மின்னோட்டத்தின் மாற்றத்தை எதிர்க்கும் இயல்புடையது. அவ்வெதிர்ப்பை விரைவில் வெல்ல உயர்ந்த மின்னழுத்தம் தேவை. அதுபற்றிப் பெருக்கியின் குறிப்பிற் கூறிய எல்லையைக் கடந்து ஏற்றிவிடலாம் எனக் கருதற்க; மிகுந்த அழுத்தம் பெருக்கியிலேயே வெப்பமாகிக் கெடுக்கும்.

வழங்கிகள் இருவகைப்படும். ஒன்று, மின்மாற்றியும் டையோடுகளும் பெரிய மின்தேக்கிகளும் கொண்ட பழைய வகை. மற்றொன்று, கடைத்தெருவில் எஸ்.எம்.பி.எஸ். என வழங்கும் இலேசான வகை.

பழைய வகையிலே பலரும் இடறும் இடம் ஒன்றுண்டு. நேரெதிர் 24 வோல்ட் வேண்டுமென்று 24-0-24 எனக் குறித்த மின்மாற்றியை வாங்குவர். மின்மாற்றியின் மேற்குறித்த எண் சராசரி வகையைச் சேர்ந்தது. மின்தேக்கியிலே தேங்குவது உச்ச அளவு. 24-ஐ 1.414-ஆற் பெருக்கின் 33.9 ஆகும், டையோடில் ஒரு வோல்ட் கழியினும் ஏறக்குறைய 33 வோல்ட் எஞ்சும். 24 வோல்ட்டுக்கெனச் செய்த பெருக்கி அதில் அழியும். வேண்டுவது 18-0-18 ஆகும், 18-ஐ 1.414-ஆற் பெருக்க 25.4, டையோடு கழிய ஏறக்குறைய 24. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட் எனப்படினும் ஏறியிறங்கும் இயல்புடையது. பத்தில் ஒரு பங்கு ஏறின் இவ்வழுத்தமும் 27-ஐ அணுகும். அதனைப் பெருக்கி தாங்குமா என முன்னரே பார்த்துக்கொள்க.

மின்தேக்கியின் அளவையும் கணக்கிடலாம். 50 சுற்று மின்சாரத்தில் தேக்கி நொடிக்கு 100 முறை நிரம்பும். இடைவெளி நூற்றிலொரு நொடி. 2 ஆம்பியர் இழுக்கும்போது 10,000 மைக்ரோபாரட் தேக்கியில் அவ்விடைவெளியில் குறையும் அழுத்தம் 2 வோல்ட். இக்குறைவு பெரும்பாலும் பொறுக்கத்தக்கதே. தேக்கி சிறிதாயின் குறைவு மிகும். ஆடிக்கு வலிவு வேண்டிய நொடியில் வலிவு கிட்டாது.

எஸ்.எம்.பி.எஸ். வகை இலேசு, விலை குறைவு, வெளிச்செல்லும் அழுத்தம் ஏறியிறங்காது. சென்னை ரிச்சி தெருவில் 24 வோல்ட் வழங்கிகள் எளிதிற் கிடைக்கும். ஒத்த வழங்கி இரண்டை வாங்கி, ஒன்றன் எதிர்முனையை மற்றொன்றன் நேர்முனையோடு இணைத்தால் அவ்விணைப்பே நடுநிலையாகும். எஞ்சிய முனைகள் இரண்டும் நேரெதிர் 24 வோல்ட் தரும். ஆயின், வெளிமுனைகள் எர்த் கம்பியோடு உள்ளே பிணைக்கப்படாதிருத்தல் வேண்டும். இரண்டு வழங்கியிலும் எதிர்முனை எர்த்தோடு சேர்ந்திருப்பின் இவ்விணைப்பில் ஒன்று குறுக்காகிவிடும். மல்டிமீட்டரால் சோதித்த பின்னரே இணைக்க.

இவ்வகைக்கு ஒரு குறையும் உண்டு. அளவுக்கு மேல் மின்னோட்டம் இழுத்தால் சில வழங்கிகள் தம்மைக் காத்துக்கொள்ள அணைந்து, மீண்டும் எழுந்து, மீண்டும் அணையும். ஸ்கானரோ சராசரியிற் சிறிதாக இழுத்து, நெடுந்தாவல்களில் மட்டும் பன்மடங்கு இழுக்கும் தன்மையது. எனவே சராசரியை நோக்கி வழங்கியைத் தேர்ந்தவன் தாவல்தோறும் அணையும் விளக்கை வாங்கியவனாவான். குறிப்பிற் கண்ட உச்ச அளவையே நோக்குக. உச்ச அளவு குறிக்கப்படாவிடின் சராசரியின் இருமடங்கிற்குக் குறையாமற் கொள்க. பெருக்கியின் அருகே ஒவ்வொரு கம்பிக்கும் சில ஆயிரம் மைக்ரோபாரட் தேக்கி இடுதல் திடீர்த் தேவைக்கு உதவும். ஆனால் அளவு கடந்த தேக்கி, தொடக்கத்திலேயே வழங்கியை அணைத்துவிடும். கோபுரம் கட்டப் புகுவான் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிடல் வேண்டும் என்ற உவமையை நம் கல்லூரியார் அனைவரும் அறிவர். ஆம்பியருக்கும் அக்கணக்கு உண்டு.

லேசர் டையோடுகளுக்குத் தனி வழங்கி வைக்க. டையோடில் அழுத்தம் சிறிதே ஏறினும் மின்னோட்டம் பெரிதும் ஏறுமாகலின், மின்னோட்டத்தை வரையறுக்கும் இயக்கி ஒன்று அதற்கு இடையே வேண்டும். ஸ்கானரும் லேசரும் ஒரே வழங்கியைப் பகிர்ந்துகொண்டால் ஆடியின் தாவல்தோறும் ஒளி நடுங்கும். நடுநிலைக் கம்பிகள் யாவும் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடராது, ஒரே புள்ளியில் வந்து கூடுதல் நன்று.

கண்ணைக் காத்தல்

இனி இக்கட்டுரையின் தலையாய பகுதிக்கு வருவாம். ஒரு மில்லிவாட்டுக்கு மேற்படாத லேசர் இரண்டாம் வகையினது. கண் இமைக்கும் கால்நொடிக்குள் அது தீங்கு செய்யாது என்பது துணிபு. 500 மில்லிவாட்டுக்கு மேற்பட்டன யாவும் நான்காம் வகையின. இமைக்கும் முன்னரே விழித்திரையைச் சுட்டுவிடும். காட்சிக்குரிய ஒரு வாட் கற்றை இரண்டாம் வகையின் எல்லையினும் ஆயிரம் மடங்கு வலிது. ஓடும் ஆடியே அதன் கொடுமையைப் பரப்பித் தணிக்கின்றது. ஆடி நின்றால் தணிப்பும் நின்றது.

மின்வழங்கிகளுள் ஒன்று கெட்டால் நிகழ்வது யாது? பெருக்கி எஞ்சிய அழுத்தத்தின் பக்கமாகவே சாய்ந்து ஆடியை ஓர் ஓரத்தில் நிறுத்திவிடும். தனி வழங்கியில் இயங்கும் லேசரோ எரிந்துகொண்டே இருக்கும். இதற்குப் பரிகாரம் எளிது. நேர்க்கம்பிக்கும் நடுநிலைக்கும் இடையே ஒரு ரிலே; எதிர்க்கம்பிக்கும் நடுநிலைக்கும் இடையே மற்றொரு ரிலே; இரண்டன் தொடுமுனைகளையும் வரிசையாகக் கோத்து அவ்வழியாகவே லேசருக்கு மின்சாரம் செல்லச் செய்க. எது கெடினும் லேசர் அணையும். செலவைச் சுருக்கக் கருதி 48 வோல்ட் ரிலே ஒன்றனை நேரெதிர்க் கம்பிகளுக்கு இடையே இடுதல் போதாது. ரிலே ஒருமுறை ஒட்டிக்கொண்டபின் பாதி அழுத்தத்திலும் ஒட்டியே நிற்கும்.

வழங்கி நலமாயிருந்தும் கணிப்பொறி நின்றாலோ கம்பி அறுந்தாலோ ஆடி நிற்கக்கூடும். அதற்கே மேலே கூறிய நிலையறிவிக்கும் முனை பயன்படும். அதன் அசைவை நோக்கி, அசைவு நின்றவுடன் லேசரை அணைக்கும் காவற்சுற்று ஒன்றை இணைத்தல் வேண்டும். கையெட்டும் இடத்தில் சிவந்த நிறுத்துபொத்தானும் வைக்க. எத்தனை காவல் இருப்பினும், இல்லத்தில் அமைத்த கருவியின் கற்றையை மக்கள்மேல் செலுத்துதல் தகாது. மக்கள் நிற்கும் தரைக்கு மேல் மூன்று மீட்டருக்குக் கீழே கற்றை வரலாகாது என்பது அமெரிக்க நாட்டு விதி. அதனை நாமும் மேற்கொள்ளுதல் நலம். வான்நோக்கியும் விடலாகாது, விமானம் ஓட்டுவோர் கண் கூசும்.

அமைப்போனுடைய உயிரையும் மறத்தலாகாது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியினுள்ளே ஏறக்குறைய 325 வோல்ட் தேங்கி நிற்கும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் சிறிது நேரம் நிற்கும். மூடியைத் திறவற்க. உலோகப் பெட்டிக்கு எர்த்தும், உள்வரும் கம்பிக்கு உருகியும் கட்டாயம் வேண்டும்.

சோதிக்கும் வரிசை

அனைத்தையும் பொருத்திய பின், முதலில் பெருக்கியை இணையாது வழங்கியின் அழுத்தத்தை மட்டும் அளந்து பார்க்க. அடுத்துப் பெருக்கியை இணைத்து, குறியொன்றும் தராது, ஆடிகள் நடுவில் அமைதியாக நிற்கின்றனவா எனக் காண்க. இரைந்து பாடினால் உடனே நிறுத்துக. பின்பு ஒரு மில்லிவாட்டுக்கு மேற்படாத சிறு லேசரைக்கொண்டு, சோதனைச் சித்திரத்தைக் குறைந்த வேகத்தில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துக. அரைமணி நேரம் ஓடியபின் ஸ்கானரின் உடல் கைபொறுக்கும் சூட்டிலே இருப்பின் நன்று. அதன்பின் ஒவ்வொரு வழங்கியாக வேண்டுமென்றே நிறுத்தி, லேசர் அணைகின்றதா எனச் சோதிக்க. இச்சோதனைகளில் தேறிய பின்னரே வலிய லேசரைப் பொருத்துதல் வேண்டும். காட்சியின்போதும் ஸ்கானருக்கு முதலிலும் லேசருக்கு இறுதியிலும் மின்சாரம் தருக. நிறுத்துங்கால் இவ்வரிசையைத் திருப்புக.

கல்லூரி விழாவில் இத்தகைய கருவியை அமைத்துக் காட்ட விரும்பும் நண்பர்கள் நம்மிடையே உளர். அவர்கள் ஊக்கம் போற்றற்குரியது. சுவரில் விரியும் சித்திரத்தைக் கண்டு அவையோர் கைதட்டுவர். பெட்டியினுள் கிடக்கும் இரண்டு ரிலேக்களை ஒருவரும் காணார். காணப்படாத அவற்றை முதலில் வாங்கியவனிடமே நம் கண்களை நம்பி ஒப்படைக்கலாம்.